ரிப்போர்ட் பொத்தானுக்கு முன்னால்: வெறுப்புப் பதிவு மீது புகார் கொடுக்கும் முறை

வெறுப்புப் பதிவு மீதான புகார் பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான் தோற்கிறது. குடியாத்தத்து ஊர்க் குழுவில் இரவு பத்து மணிக்கு ஒரு வீடியோ வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தெருக்காரர்களைச் சாதி சொல்லித் திட்டுகிறான் ஒருவன். பார்த்தவர்கள் ஆத்திரத்தில் 'ரிப்போர்ட்' அழுத்துகிறார்கள். விடிந்தால் வீடியோ இல்லை, போட்டவன் கணக்கும் இல்லை. காவல் நிலையத்தில் ஆதாரம் கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. அதனால் முதலில் தரம் பிரிக்க வேண்டும், அடுத்து சான்று எடுக்க வேண்டும், புகார் அதற்குப் பிறகுதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பதிவில் நாள், நேரம், இடம் சொல்லி ஆள் திரட்டினாலோ, "இவர்கள் பிள்ளை பிடிக்கிறவர்கள்" என்று முகம் காட்டிப் பரப்பினாலோ வேறு எதையும் பார்க்காமல் 100 அல்லது 112-க்கு அழையுங்கள். 2018 மே மாதம், பழைய வட ஆற்காட்டுப் பகுதியான போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தை வாட்சாப் வதந்தியை நம்பிய கூட்டம் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று அடித்தது. ஒரு மூதாட்டி இறந்துபோனார். இப்படி நாடு முழுக்க நடந்த கொலைகளுக்குப் பிறகுதான், அதே ஆண்டு ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி வாட்சாப் இந்தியாவில் கட்டுப்படுத்தியது.

எது வெறுப்பு, எது வெறும் காரம்?

அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பேச்சுரிமை தருகிறது. 19(2) அதற்கு எல்லை போடுகிறது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்பு, பொது ஒழுங்கு, கண்ணியம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். மனசு புண்பட்டது என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. 2015 மார்ச் 24-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேச்சை மூன்றாகப் பிரித்தது. விவாதிப்பதும், ஒரு கருத்துக்காக வாதாடுவதும், அது எவ்வளவு கசந்தாலும், உரிமை. தூண்டுவது மூன்றாவது வகை. அங்கேதான் சட்டம் கை வைக்கலாம்.

நம்மூர் உதாரணத்தில் இது சுலபமாகப் புரியும். "தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்துவிட்டன, முதலாளிகளைச் சும்மா விடக்கூடாது" என்று எவ்வளவு காட்டமாக எழுதினாலும் அது பேச்சுரிமை. அந்தக் குறையைத்தான் வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 1996-ல் தீர்ப்பு வாங்கியது. அதே பாலாற்றைச் சாக்கு வைத்து, "அந்த மதத்துக்காரர்கள் எல்லாரும் நமக்கு விஷம் வைக்கிறார்கள், கடையில் கால் வைக்காதே, ஊரைவிட்டுத் துரத்து" என்றால் அது வெறுப்பு. முதல் பதிவு செய்ததைக் குறை சொல்கிறது. இரண்டாவது, பிறப்பைக் காட்டி ஒரு கூட்டத்தையே குற்றவாளி ஆக்கி, செய்ய வேண்டிய காரியத்தையும் சொல்லிக் கொடுக்கிறது.

ஊராட்சித் தலைவர் தெருவிளக்குக் காசைத் தின்றுவிட்டார் என்ற பதிவு பொய்யாக இருந்தால் அவதூறு ஆகலாம். வெறுப்புப் பேச்சு ஆகாது. அதை வெறுப்பு என்று புகார் செய்தால் தளம் தள்ளிவிடும். தள்ளுவதும் சரிதான்.

சான்று எடுப்பது

ஒரு ஸ்கிரீன்ஷாட் போதாது. படத்தை யாரும் ஒட்டித் தயாரிக்கலாம் என்று எதிர்த் தரப்பு சொல்லும். போனின் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, பதிவிட்டவரின் பக்கத்திலிருந்து தொடங்கி, அந்தப் பதிவுக்குப் போய், முழுதும் உருட்டிக் காட்டி, வீடியோவாக இருந்தால் அதையும் ஓட்டிக் காட்டுங்கள். நேரம் தெரிகிற மேல்பட்டையை மறைக்காதீர்கள்.

அடுத்து லிங்க். ஃபேஸ்புக்கில் பதிவிட்டவர் பெயருக்குக் கீழே உள்ள நேரத்தைத் தொட்டால் அந்தப் பதிவின் தனி முகவரி திறக்கும். பக்கத்தின் முகவரியை மட்டும் கொடுத்தால் எந்தப் பதிவு என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள், புகாரை மூடிவிடுவார்கள். யூடியூப்பில் சேனல் பெயரும் ஹேண்டிலும் (@ என்று தொடங்கும் பெயர்) மாறக்கூடியவை. 'யூசி' என்று தொடங்கும் சேனல் அடையாள எண் மாறாது. சேனல் விவரப் பகுதியில் பகிர்வு பொத்தானுக்குள் அதை நகலெடுக்கும் வசதி இருக்கிறது.

வாட்சாப்பில் லிங்க் கிடையாது. அனுப்பியவர் பெயரைத் தொட்டு எண்ணோடு படமெடுங்கள். செய்தி மறையும் வசதி போட்ட குழுவில் 24 மணி நேரத்தில் எல்லாம் போய்விடலாம், ஆகவே அன்றே உரையாடலை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இன்னொருவருக்கு ஃபார்வேர்டு செய்து "பத்திரப்படுத்துவது" இரண்டு வகையில் தப்பு: அனுப்பியவர் யார் என்ற அடையாளம் நகலில் இருக்காது, பரப்பியவர் பட்டியலில் நீங்களும் சேர்வீர்கள். ஃபார்வேர்டு செய்கிறவர் அந்தக் கருத்துக்குப் பொறுப்பேற்கிறார் என்பதுதான் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்திருக்கும் நிலை. வாட்சாப்பில் ரிப்போர்ட் செய்யும்போது, வெளியேறி உரையாடலை அழிக்கவா என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் அழுத்தினால் கடைசி ஐந்து செய்திகள்தான் நிறுவனத்துக்குப் போகும். வெறுப்புச் செய்திக்குப் பிறகு நாற்பது 'குட் மார்னிங்' வந்திருந்தால் அவர்கள் பார்ப்பது பூக்களைத்தான்.

பதிவெடுத்த போனை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ம் பிரிவு, மின்னணுச் சான்றோடு சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. அதன் முதல் பகுதியில் கருவியை வைத்திருப்பவர் கையெழுத்திட வேண்டும், இரண்டாவது பகுதியில் நிபுணர். கோப்பின் ஹேஷ் எண்ணையும் அதில் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்; கோப்பு மாறினால் அதுவும் மாறும். எடுத்த அன்றே ஹேஷ் கணக்கிட்டுக் குறித்து வைத்தால், கோப்பு பிறகு திருத்தப்படவில்லை என்று காட்டலாம். வீடியோவை வாட்சாப் வழியாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஹேஷும் மாறிவிடும். பென் டிரைவில் மூலக் கோப்பாகவே கொடுங்கள்.

தளத்திடம் எழுதுவது

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 79-ம் பிரிவு, பிறர் எழுதியதற்குத் தளத்தைப் பொறுப்பாக்காமல் காக்கிறது. அந்தக் காப்பு நிபந்தனையோடு வருவது. நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிப்போ வந்தால் நீக்க வேண்டும்; அதற்கு அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகள் 36 மணி நேரம் தந்தன, 2026 பிப்ரவரியில் அதை 3 மணி நேரமாகச் சுருக்கினார்கள். நீங்கள் சொன்னதற்காக மட்டும் தளம் நீக்கியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் உங்கள் புகாரை வாங்கி, எண் கொடுத்து, பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

ரிப்போர்ட் பொத்தான் முதல் படி மட்டுமே. அங்கே 'பொய்ச் செய்தி' என்று தேர்ந்தெடுத்தால் புகார் வேறு வரிசைக்குப் போய்விடும். வெறுப்புக்கான வகையைத் தேடி அழுத்துங்கள். ஃபேஸ்புக், யூடியூப் இரண்டின் சொந்த விதிகளிலும் சாதியும் பாதுகாக்கப்பட்ட அடையாளங்களில் ஒன்று. அதிலேயே நீக்கப்பட்டால் நல்லது. இல்லையென்றால் அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள தளங்கள் இந்தியாவில் குடியிருக்கும் அலுவலரை நியமித்தாக வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்க்கும் காலக்கெடு 2021-ல் 15 நாளாக இருந்தது, பின்னால் வந்த திருத்தங்களில் குறைந்துகொண்டே வருகிறது.

நம் வட்டாரப் புகார்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. பேர்ணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் உருது, காட்பாடி எல்லையில் தெலுங்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஆங்கில எழுத்தில் அடித்த கொச்சைத் தமிழ். கணினி வடிகட்டிக்கு இது பிடிபடாது. எங்கோ உட்கார்ந்து பார்க்கும் ஆளுக்கும் புரியாது. 'காலனி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதிப்படி அது குடியிருப்பு. நம்மூரில் அதை எந்தத் தொனியில் யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்பது தெரிந்ததே. அரசு ஆவணங்களிலிருந்தே அந்தச் சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆகவே சொல்லை மட்டும் எழுதாதீர்கள், வசவாக அது எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு வரியில் விளக்குங்கள். தமிழிலும் எளிய ஆங்கிலத்திலுமாக எழுதினால் இன்னும் நல்லது.

புகார் இப்படி இருந்தால் போதும்: "பதிவின் முகவரி இது. பதிவிட்டவர் பக்கம் இது. பதிவான நாள், நேரம் இது. வீடியோவில் 2 நிமிடம் 14 நொடி முதல் 2 நிமிடம் 40 நொடி வரை இன்ன சொற்கள் பேசப்படுகின்றன. வேலூர் வட்டாரத்தில் இந்தச் சொல் பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தப் பயன்படுவது. 'வெட்டணும்' என்று வன்முறைக்கு அழைக்கிறார். 2021 விதிகளின் 3(1)(ஆ) பிரிவின் கீழ் நீக்கவும், பதிவு விவரங்களை விசாரணைக்காகப் பாதுகாக்கவும் கோருகிறேன்." மத, சாதி அடிப்படையில் வன்முறையைத் தூண்டும் நோக்கோடு பகை வளர்ப்பதை 2022 அக்டோபர் திருத்தம் வெளிப்படையாகவே அந்த விதியில் சேர்த்திருக்கிறது. பாதுகாக்கக் கோரும் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நீக்கிய தகவலைத் தளங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. காவல்துறை ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

பத்துப் பேர் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்புவதால் எடை கூடாது. நேரம், சொல், விளக்கம் மூன்றும் உள்ள ஒரு புகார் அதைவிட மேல்.

குறைதீர் அலுவலரின் முடிவு திருப்தி இல்லையென்றால், கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். 2023 மார்ச் முதல் இயங்குகிறது, கட்டணம் இல்லை, எல்லாம் இணையத்திலேயே. முதல் புகாரின் எண்ணும் வந்த பதிலும் இல்லாமல் அங்கே நுழைய முடியாது. மறுபக்கத்து ஆளுக்கும் இதே கதவுதான். உங்கள் நியாயமான விமர்சனத்தை வெறுப்பு என்று தளம் நீக்கினால், நீங்களும் இந்தக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம்.

காவல் நிலையத்தில்

தூண்டல், மிரட்டல், சாதி இழிவு என்றால் தளத்தின் பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மனுவில் மாவட்டத்தைச் சரியாக எழுதுங்கள். 2019-க்குப் பிறகு ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். பழக்கத்தில் வேலூர் என்று எழுதினால் மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். எல்லை காட்டித் திருப்பி அனுப்பினால் ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் போடும் முதல் தகவல் அறிக்கை) கேட்கலாம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 173-ம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

சமூகங்களுக்கு இடையே பகை வளர்ப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 196, மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது 299, பீதி கிளப்பும் வதந்தி 353. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதில் இழிவுபடுத்துவதையும் சாதி சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்கும் 3(1)(ஆர்), (எஸ்) இரண்டையும் மட்டும் எழுதினால், அந்த இழிவு பொதுமக்கள் பார்வையில் நடந்ததா என்ற வாதத்தில் வழக்கு சிக்கும். 3(1)(யூ)-வையும் சேர்த்து எழுதுங்கள். அந்தச் சமூகத்தார் மீது வெறுப்பையோ பகையையோ வளர்ப்பதே அதில் குற்றம், பொதுப் பார்வை என்ற சொல் அங்கே கிடையாது. இந்தச் சட்டத்தில் எஃப்ஐஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை வேண்டும் என்று இழுத்தடிக்க முடியாது (18ஏ), விசாரணையும் டிஎஸ்பி நிலை அதிகாரியின் வேலை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, 2015-லேயே செத்துப்போன பிரிவு அது. இன்றும் சில மனுக்களில் தலைகாட்டுகிறது.

மற்ற பேச்சு வழக்குகளில், மூன்று முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ளவற்றில், 14 நாள் பூர்வாங்க விசாரணைக்கு 173(3) இடம் தருகிறது. பேச்சு சம்பந்தப்பட்ட புகாரில் அதைச் செய்துவிட்டு எஃப்ஐஆர் போடுவதே முறை என்று 2025 மார்ச்சில், கவிதை ஒன்றைப் பதிவிட்டவர் மீதான வழக்கில், உச்ச நீதிமன்றமும் சொன்னது. அந்த நாட்களைப் போலீஸ் தட்டிக்கழிப்பதாக நினைத்துச் சண்டை போடாதீர்கள், கவிதை பதிவிட்டவரைப் போன்றவர்களைக் காப்பாற்றுவதும் அதே விதிதான். ஆனால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். எஃப்ஐஆர் போட மறுத்தால் மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, அதுவும் பலிக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. சைபர் உதவி எண் 1930 பண மோசடிக்கானது, இதற்கு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள்.

196, 299 வழக்குகளில் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். குற்றப்பத்திரிகைக்குப் பிறகு வழக்கு நகராமல் கிடந்தால், முதலில் அந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

ஊர்ப் பக்கம் நடத்துகிறவர்களுக்கு

வெறும் அட்மினாக இருப்பதாலேயே உறுப்பினர் போட்டதற்குப் பொறுப்பாக்க முடியாது என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. ஆனால் அந்த வீடியோவை எடுத்து நீங்களே தலைப்பு வைத்து, தம்ப்நெயில் செய்து, உங்கள் சேனலில் ஏற்றினால் அது உங்கள் பேச்சு. 79-ம் பிரிவு கைகொடுக்காது. திருவிழா, ஊர்வலம், தேர்தல் நாட்களில் குழுவை 'அட்மின் மட்டும்' என்று மாற்றிவிடுவதில் தவறில்லை. வந்துவிட்டதை எல்லாருக்குமாக அழிக்கும் வசதி அட்மினுக்கு உண்டு. அழிப்பதற்கு முன் அனுப்பியவர் எண்ணோடு ரெக்கார்டிங் எடுத்துவிடுங்கள்.