பாத்ரூம் டைல்ஸ்: பூச்சு காய எத்தனை நாள், கேரண்டி எப்போது செல்லும்?

எங்கள் வீட்டு மாடி பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டிய மறுநாளே ஷவரைத் திறந்து குளித்துவிட்டோம். எட்டாவது மாதம் கீழே ஹாலின் கூரையில் மஞ்சளாக ஒரு வட்டம். வாட்டர்ப்ரூஃபிங்குக்குப் பத்து வருட கேரண்டி என்று கடையில் கொடுத்த அட்டையைத் தேடி எடுத்துப் புகார் செய்தேன். கம்பெனியிலிருந்து வந்தவர் கூரையைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, "பூச்சு அடிச்சு எத்தனை நாள் கழிச்சு டைல்ஸ் ஒட்டினீங்க?" என்றுதான் கேட்டார். ஒரு ராத்திரி என்றேன். அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது.

இனி வருவது இரண்டாம் முறை உடைத்துச் செய்தபோது கற்றது.

முதலில் சுவரும் தரையும்

சிமெண்ட் காய்வதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. அதனால்தான் புது சிமெண்ட் பூச்சு வேலைக்குக் கொத்தனார் ஒரு வாரம் தண்ணீர் காட்டச் சொல்கிறார், அதைக் குறைக்காதீர்கள். தரையில் வாட்டம் இப்போதே சரியாக இருக்கவேண்டும். மீட்டருக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம் வடிகால் பக்கம் போதும். பிறகு டைல்ஸை வைத்து வாட்டம் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு

பலர் அவசரப்படும் இடம் இதுதான், நானும் இங்கேதான் கோட்டை விட்டேன். பவுடரும் பால் மாதிரி திரவமும் கலந்து அடிக்கும் வகை என்றால் சுவரை லேசாக நனைத்துவிட்டு, தண்ணீர் மினுங்காத நிலையில் அடிக்கவேண்டும். டப்பாவில் ரெடியாக வரும் அக்ரிலிக் வகைக்கு நேர்மாறு, சுவர் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். உலர்ந்ததா என்று பார்க்க, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மூலைகளிலும் பைப் வெளிவரும் இடங்களிலும் ஃபைபர் வலை வைத்து, முதல் கோட் பூச்சை மேலும் கீழுமாக இழுத்து, பொதுவாக நான்கைந்து மணி நேரம் கழித்து (பையில் போட்டிருக்கும் நேரம்தான் கணக்கு) இரண்டாவதைக் குறுக்காக அடிக்கவேண்டும். அப்புறம் மூன்று முதல் ஐந்து நாள் சும்மா விடுங்கள். அந்த மணிக்கணக்கெல்லாம் இருபது சொச்சம் டிகிரி வெப்பமும் காற்றோட்டமும் உள்ள சோதனைக்கூடத்தில் எடுத்தது. ஐப்பசி மழையில் ஜன்னலே இல்லாத பாத்ரூமில் அதே பூச்சு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. கட்டைவிரலை அழுத்தித் திருகிப் பாருங்கள், ஒட்டினாலோ தடம் பதிந்தாலோ இன்னொரு நாள்.

பிறகு வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டு, 24 முதல் 48 மணி நேரம் வைக்கவேண்டும். கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். கோட்டோடு தண்ணீர் நிற்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், காரணம் கடைசியில் வருகிறது.

ஒட்டுவது

விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீர் உறிஞ்சும், வெறும் சிமெண்ட் பாலில் அது பிடிக்காது. அடிசிவ் (பவுடராக வரும் டைல்ஸ் ஒட்டும் பசை) வாங்குங்கள், டைல்ஸை ஊறப்போடவும் வேண்டாம். கலந்ததும் ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். பிறகு இறுகுகிறதே என்று தண்ணீர் தெளிக்கக்கூடாது. பல் வைத்த கொத்தனார் கரண்டியால் இழுத்த அடிசிவை விரலால் தொட்டால் விரலில் ஒட்டவேண்டும். ஒட்டவில்லையா, வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். சுமார் இருபது நிமிடம் தாங்கும், சித்திரை வெயிலில் அதுவும் இல்லை. டைல்ஸின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து உருண்டை வைத்து அழுத்தும் பழக்கத்தைக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே பொந்து விழும், பின்னால் நாணயத்தால் தட்டினால் டொக்கு டொக்கு என்று கேட்கும்.

கிரவுட்டும் குளியலும்

ஒட்டி 24 மணி நேரத்தில் கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை) போடலாம் என்று அடிசிவ் பையில் இருக்கும். ஆனால் பின்னால் தண்ணீர் புகாத பூச்சு, முன்னால் தண்ணீர் உறிஞ்சாத டைல்ஸ், நடுவில் மாட்டிய அடிசிவின் ஈரம் இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். நான் மூன்று நாள் விட்டேன். ஷவர் பக்கம் எபாக்ஸி கிரவுட் நல்லது, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உடனுக்குடன் துடைக்கவேண்டும், இறுகிவிட்டால் போகாது. சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட் வேண்டாம், சிலிகான்தான். பிறகு ஏழு நாள் ஷவரைத் திறக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஆறு பேரும் ஒரு வாரம் கீழ் பாத்ரூமில் வரிசையில் நின்றோம்.

கேரண்டி

அட்டையை வாங்கும்போதே பின்பக்கம் படியுங்கள். பெரும்பாலும் கெட்டுப்போன பொருளுக்குப் பதில் பொருள்தான் தருவார்கள், உடைக்கிற கூலியும் டைல்ஸ் விலையும் நம் தலையில். நீண்ட கேரண்டி பல சமயம் பூச்சு, அடிசிவ், கிரவுட் எல்லாம் ஒரே கம்பெனியாக இருந்தால்தான் செல்லும். ஜிஎஸ்டி பில், பையில் அச்சடித்த பேட்ச் எண்ணும் தேதியும், ஒவ்வொரு கோட் பூச்சும் அடித்த நாள், தண்ணீர் நிறுத்திய போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பொருளே குறையுள்ளது என்று தெரிந்தும் கைவிரித்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடத்துக்குள் மனு போடவேண்டும். இந்த முறை காலிப் பைகளில் பேட்ச் எண் இருந்த பக்கத்தை வெட்டி, பில்லோடு பின் அடித்து பீரோவில் வைத்திருக்கிறேன்.