காயின் வாங்கும் முன்னாடி துட்டு திரும்பி வார வழியப் பாருங்க

பாளையங்கோட்டை ஹாஸ்டல் பையன்ல இருந்து வள்ளியூர்ல கடை வச்சிருக்க அண்ணாச்சி வரைக்கும் இப்ப எல்லார் போன்லயும் ஒரு கிரிப்டோ ஆப் கெடக்கு, பாத்தா எல்லாரும் கேக்க கேள்வியும் ஒண்ணுதான், எந்த காயின் ஏறும்? அத யாராலயும் சொல்ல முடியாது மக்கா, சொல்லுதேன்னு வாரவன் பேச்ச கேக்காதீங்க. நான் சொல்ல வாரது வேற. நீங்க போடுத துட்டு எந்த வழியா உள்ள போவுது, நடுவுல யார் யார் கையில இருக்கு, திரும்ப உங்க பேங்க் அக்கவுண்டுக்கு எப்படி வரும், இத முழுசா ஒரு தடவ நடந்து பாத்துட்டு பொறவு பெரிய துட்டப் போடுங்க.

எப்படின்னா, முதல்ல 1,000 ரூவா மட்டும் போடுங்க. ஒரு காயின் வாங்குங்க, அன்னைக்கே வித்துருங்க, ரூவாயா பேங்குக்கு எடுங்க. ஃபீஸ் எவ்வளவு புடிச்சான், டிடிஎஸ் (விக்கும்போதே புடிச்சு அரசுக்குக் கட்டுத வரி) எவ்வளவு போச்சு, வித்ட்ராயல் போட்டு எவ்வளவு நேரத்துல வந்துச்சு, இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க. இதுல பத்து இருவது ரூவா போகும், போகட்டும், அந்த பத்து ரூவாயில நீங்க தெரிஞ்சுக்கிடுதது எந்த யூடியூப் வீடியோவுலயும் கெடைக்காது.

இப்ப விலை விஷயத்துக்கு வருவோம். மேலப்பாளையத்துல ஒரு அண்ணாச்சி கேட்டாங்க, "தம்பி, இந்த காயின் ஒரு பைசா கூட இல்ல, பத்தாயிரம் ரூவாய்க்கு வாங்கிப் போட்டு, ஒரு ரூவா ஆச்சுன்னா நம்ம எங்க இருப்போம்?" இந்தக் கணக்குல விழாதவங்க ரொம்ப கம்மி. "அண்ணாச்சி, ஒரு ஏக்கர சென்ட் சென்ட்டா வெட்டி வித்தாலும் சதுர அடியா வித்தாலும் நிலம் அதே நிலம்தான, துண்டு சின்னதா இருந்தா விலையும் சின்னதா தெரியும், அதுக்காக நிலம் மலிவா கெடைக்குன்னு அர்த்தமா?"ன்னு கேட்டேன். அவங்க சொன்னது ஷிபா இனு. அது மார்க்கெட்ல இருக்கது சுமார் 589 லட்சம் கோடி டோக்கன், அதாவது காயின். ஒண்ணு ஒரு ரூவா ஆகணும்னா மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூவா ஆகணும். நம்ம இந்தியாவோட மொத்த ஜிடிபியே 2024-25ல சுமார் 330 லட்சம் கோடிதான். கணக்கக் கேட்டதும் அண்ணாச்சி கால்குலேட்டர எடுத்து ரெண்டு தடவ தட்டிப் பாத்துட்டு போன உள்ள வச்சிட்டாங்க.

அதனால ஒரு காயினோட விலைய மட்டும் பாக்காதீங்க, எத்தனை காயின் இருக்கு, இன்னும் எத்தனை வரப்போவுதுன்னு பாருங்க. பிட்காயினுக்கு 2.1 கோடிதான் கடைசி, அதுக்கு மேல கெடையாது. டோஜ்காயினுக்கு உச்சவரம்பே இல்ல, வருஷத்துக்கு சுமார் 500 கோடி புதுசா வந்துக்கிட்டே இருக்கும். புது டோக்கன்ல இன்னொரு சிக்கல், மொத்தத்துல பத்துல ஒரு பங்கு மட்டும் வெளிய விட்டுட்டு மிச்சத்த ஆரம்பிச்சவங்களும் முதல்ல துட்டு போட்டவங்களும் பூட்டி வச்சிருப்பாங்க, பூட்டு திறக்க தேதி முன்னாடியே எழுதியிருப்பாங்க, அந்த தேதிய தேடிப் பாக்காம வாங்குனா அவங்க விக்குதப்ப நம்மதான் மாட்டுவோம்.

ஸ்கிரீன்ல காட்டுத விலை கடைசியா ஒருத்தர் வாங்குன விலை, அவ்வளவுதான், உங்க கையில இருக்கது மொத்தத்துக்கும் அந்த விலை கெடைக்கும்னு எவனும் உத்தரவாதம் தரல. ஆப்ல ஆர்டர் புக்குன்னு ஒரு பட்டியல் இருக்கும், அதத் திறந்து வாங்க நிக்கவங்க எவ்வளவுக்கு நிக்காங்கன்னு பாருங்க. சின்ன காயின்ல வாங்குத விலைக்கும் விக்குத விலைக்கும் நடுவுல அஞ்சு பெர்சன்ட் இடைவெளி கெடந்தா, வாங்குன நிமிஷமே அஞ்சு பெர்சன்ட் நஷ்டம். சில டோக்கன விக்கவே முடியாத மாதிரி கோட் எழுதி வச்சிருப்பான், வாங்கலாம், விலை மேல மேல ஏறும், வித்தா மட்டும் போகாது. 2021ல ஒரு பிரபல கொரியா சீரியலோட பேர்ல வந்த டோக்கன் அப்படித்தான், விலை 2,800 டாலரத் தாண்டிப் போய் சில நிமிஷத்துல பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல விழுந்துச்சு. பெருசா பேர் வாங்குன காயினும் தப்பல, 2022 மே மாசம் டெர்ரா லூனா 80 டாலருக்கு மேல இருந்தது ஒரே வாரத்துல பைசா பெறாம போச்சு.

கல்யாண மண்டபத்துல மீட்டிங் போட்டு, மதியம் பிரியாணி போட்டு, "எங்க காயின்ல மாசம் 10 பெர்சன்ட்"னு சொல்லுத கூட்டம் நம்ம ஜில்லாவுல வராத ஊர் இல்ல. அவங்கள்ட்ட ஒரே கேள்வி கேளுங்க, இந்த காயின உங்க ஆப்ப விட்டு வெளிய வேற எக்ஸ்சேஞ்ச்ல, அதாவது காயின் வாங்கி விக்குத வேற சந்தையில, விக்க முடியுமா? "சீக்கிரம் லிஸ்ட் ஆகும்"னு பதில் வந்தா எந்திரிச்சு வந்துருங்க. கெயின்பிட்காயின்னு ஒரு கேஸ், மாசம் 10 பெர்சன்ட் 18 மாசத்துக்குன்னு ஆச காட்டி நாடு பூரா வசூல் பண்ணுனது, 2018ல கைது, கோர்ட்னு போச்சு. உங்கள சேத்துவிட்டது சொந்த மச்சானா இருந்தாலும் இதே கேள்விதான், மச்சானுக்கும் அது தெரிஞ்சிருக்காது, பாவம், அவரும் சேர்ந்து மாட்டியிருப்பாரு.

எக்ஸ்சேஞ்ச் எதுன்னு கேட்டா, எஃப்ஐயூல (சந்தேகமான பணப் பரிமாற்றத்தக் கண்காணிக்குத மத்திய அரசு அமைப்பு) ரிஜிஸ்டர் பண்ணுனதா பாருங்க, 2023 மார்ச்ல இருந்து அது கட்டாயம். அந்த வருஷம் டிசம்பர்ல ரிஜிஸ்டர் பண்ணாத 9 வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு நோட்டீஸ் போச்சு, பொறவு சைட்டையும் ஆப்பையும் பிளாக் பண்ணுனாங்க, துட்டு உள்ள வச்சிருந்தவங்க பட்ட பாடு கொஞ்சமில்ல. ரிஜிஸ்டர் பண்ணிட்டா முழு பாதுகாப்புன்னும் நெனைக்காதீங்க. 2024 ஜூலை 18 வசிர்எக்ஸ்ங்குத நம்ம நாட்டு எக்ஸ்சேஞ்ச்ல நடந்த ஹேக்ல சுமார் 23 கோடி டாலர் போச்சு, அதுல காயின் வச்சிருந்த சாதாரண மனுஷங்க ஒரு வருஷத்துக்கு மேல எடுக்க முடியாம காத்துக் கெடந்தாங்க. அதான் சொல்லுதேன், எக்ஸ்சேஞ்ச் வாங்கவும் விக்கவும் இருக்க இடம், சேத்து வைக்குத இடம் இல்ல. என்னோட கணக்கு இதான், உங்க ஒரு மாச சம்பளத்தத் தாண்டி காயின் சேந்துச்சுன்னா சொந்த வாலட்டுக்கு, அதாவது சாவி உங்க கையில மட்டும் இருக்க ஆப்புக்கு, மாத்துங்க.

பி2பி, அதாவது ஆளுக்கு ஆள் நேரா காயின் வாங்கி விக்குதது, அதப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், வளைகுடாவுல இருந்து துட்டு அனுப்புத வீடு நம்ம பக்கம் ஏராளம். "ரேட் நல்லா கெடைக்கு, யூஎஸ்டிடியா அனுப்புதேன், அங்க ஒருத்தருக்கு வித்து ரூவா வாங்கிக்கோ"ன்னு பையன் சொல்லுவான், யூஎஸ்டிடிங்குதது ஒரு டாலர் விலையிலயே நிக்குத மாதிரி செஞ்ச காயின். வாங்குதவன் உங்களுக்குப் போடுத ரூவா எங்க இருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியாது. வடக்க எங்கயோ ஒரு ஆள ஏமாத்தி எடுத்த துட்டா அது இருந்தா, அவர் புகார் குடுத்ததும் அந்தத் துட்டு போன அக்கவுண்ட் எல்லாத்தையும் போலீஸ் முடக்கும், அதுல உங்க அம்மாவோட பென்ஷன் அக்கவுண்டும் மாட்டும். பொறவு அந்த மாநில சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு மெயில் போட்டு, பேங்குக்கு நடந்து, மாசக்கணக்குல அலையணும். ரேட்ல கெடைக்குத ரெண்டு ரூவாய்க்கு இது தேவையே இல்ல, வீட்டுக்கு அனுப்புத துட்ட பேங்க் வழியாவே அனுப்பச் சொல்லுங்க.

இனி வாலட். வாலட் ஆப் போட்டதும் 12 இல்லன்னா 24 இங்கிலீஷ் வார்த்தை காட்டும், சீட் வார்த்தைன்னு சொல்லுவாங்க, அதான் உங்க காயினுக்கு சாவி. 2,048 வார்த்தை இருக்க ஒரு லிஸ்ட்ல இருந்து அது வருது, வரிசையும் முக்கியம். போன் தொலைஞ்சா கவலையில்ல, அந்த வார்த்தை இருந்தா வேற போன்ல எல்லாம் திரும்ப வரும். வார்த்தை தொலைஞ்சா எந்த கம்பெனியும் எந்த கோர்ட்டும் மீட்டுத் தர முடியாது. வார்த்தை அடுத்தவன் கண்ணுல பட்டா போன் உங்க பாக்கெட்ல இருக்கும்போதே துட்டு போயிரும்.

போட்டோ எடுக்காதீங்க, அது தானா கூகுள் போட்டோஸ்ல ஏறிரும். வாட்ஸ்அப்ல நமக்கு நாமே அனுப்பி வைக்கதும் வேண்டாம். 2025 பிப்ரவரியில ஸ்பார்க்கேட்னு ஒரு வைரஸ்ஸ காஸ்பெர்ஸ்கிங்குத ஆன்டிவைரஸ் கம்பெனி வெளிய சொன்னாங்க, ப்ளே ஸ்டோர்ல இருந்த ஆப்லயே ஒளிஞ்சிருந்து கேலரியில இருக்க படத்துல எழுத்த வாசிச்சு சீட் வார்த்தையத் திருடுத வேலை அதோடது. அப்ப எங்க எழுத? பேப்பர்லன்னு எல்லாரும் சொல்லுதாங்க, நம்ம ஊர்ல பேப்பர நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17, 18 மறந்திருக்காது, தாமிரபரணி ஊருக்குள்ள வந்து ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணி, பட்டா, மார்க் ஷீட், ரேஷன் கார்டுன்னு பீரோவுல வச்சிருந்தது பூரா கூழாப் போன வீடு எத்தனை. ஜெல் பேனாவுல எழுதியிருந்தா தண்ணி பட்டதும் மை கரைஞ்சு ஓடிரும். தண்ணி வராத மேட்டுத் தெருவா இருந்தா கரையான் வரும்.

அதனால தகடுதான். ரதவீதியில எவர்சில்வர் பாத்திரம் வாங்குனா கடையிலயே பேர் வெட்டிக் குடுப்பாங்கல்லா, அது எத்தனை வருஷம் சாம்பல் போட்டுத் தேச்சாலும் போகாது. நமக்கும் அதே வேலைதான், ஆனா கடைக்காரர்ட்ட குடுத்து வெட்டிராதீங்க, அவர் தங்கமான மனுஷனா இருந்தாலும் வார்த்தை உங்களத் தவிர யாரும் பாக்கக்கூடாது. லேத் பட்டறையில கையகல எவர்சில்வர் தகடு ரெண்டு, ரெண்டு மில்லிமீட்டர் கனத்துல வெட்டி வாங்குங்க. ஹார்டுவேர் கடையில லெட்டர் பஞ்ச் செட்டு கேளுங்க, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனி இரும்பு இருக்கும். தகட கனமான இரும்புத் துண்டு மேல வச்சு, எழுத்து நேரா நிக்க ஒரு பழைய ஸ்கேல டேப் போட்டு ஒட்டிக்கிட்டு, சுத்தியல்ல ஒரே அடி, ரெண்டாவது அடி அடிச்சா எழுத்து ரெட்டையா விழும். முழு வார்த்தையும் அடிக்க வேண்டாம், அந்த லிஸ்ட்ல முதல் நாலு எழுத்து ஒண்ணு போல இருக்க ரெண்டு வார்த்தை கெடையாது, அபாண்டன் (abandon)னு வந்தா ஏ, பி, ஏ, என் போதும், மூணெழுத்து வார்த்தையா இருந்தா அந்த மூணு. முன்னாடி 1, 2, 3ன்னு நம்பர் கட்டாயம், 6க்கும் 9க்கும் அடியில ஒரு கோடு போடுங்க. ரெண்டு தகட்லயும் முழுசா அடிக்கணும். பாதி இங்க பாதி அங்கன்னு பிரிச்சு வைக்கது கோட்டித்தனம், ஒரு பாதி போனாலும் மொத்தமும் போச்சு. ஒண்ணு உங்க வீட்ல, இன்னொண்ணு ஆத்துத் தண்ணி எட்டாத மேட்டுல, நம்பிக்கையான சொந்தக்காரங்க வீட்ல, பேப்பர் சுத்தி ஒட்டி.

பொறவு ரொம்ப பேர் விட்டுருத வேலை ஒண்ணு இருக்கு. பெரிய துட்டு போடும் முன்னாடி, சின்னதா ஏதாவது வாலட்ல அனுப்பிட்டு, ஆப்ப அழிச்சிட்டு, தகட்டப் பாத்து திரும்ப ஏத்துங்க. அந்த சின்ன துட்டு கண்ணுல தெரிஞ்சா தகடு சரி. தெரியலன்னா ஏதோ எழுத்து தப்பு, இப்பவே தெரிஞ்சது நல்லது. லெட்ஜர், ட்ரெசர் மாதிரி ஹார்டுவேர் வாலட் (பென் டிரைவ் போல தனிக் கருவி) வாங்குனா கம்பெனி சைட்லயே வாங்குங்க, பெட்டிக்குள்ள ஏற்கனவே வார்த்தை எழுதுன அட்டை இருந்தா அத தொடாதீங்க, அது திருடன் போட்டு அனுப்புனது.

அனுப்பும்போது எந்த நெட்வொர்க்ல, அதாவது எந்த பிளாக்செயின் வழியா, போவுதுன்னு பாருங்க. யூஎஸ்டிடி ட்ரான் நெட்வொர்க்ல அட்ரஸ் (வாலட்டோட அக்கவுண்ட் நம்பர் மாதிரி) இங்கிலீஷ் T-ல தொடங்கும், எத்தீரியம், பிஎன்பி செயின் ரெண்டும் ஜீரோ எக்ஸ்ல (0x) தொடங்கும், அந்த ரெண்டும் ஒண்ணு போல இருக்கதால அங்கதான் மாத்தி அனுப்பிருதாங்க. பழைய ஹிஸ்டரியில இருந்து அட்ரஸ் காப்பி பண்ணவே கூடாது. முதல் நாலும் கடைசி நாலும் உங்க அட்ரஸ் போலவே இருக்க ஒரு அட்ரஸ்ல இருந்து சும்மா ஒரு சின்ன டிரான்சாக்‌ஷன் அனுப்பி ஹிஸ்டரியில உக்காத்தி வைப்பான், அவசரத்துல நீங்க அத காப்பி பண்ணணும்னு காத்திருப்பான். 2024 மே மாசம் இப்படி ஒருத்தர் 1,155 பிட்காயின் மதிப்புள்ள டோக்கன தப்பான அட்ரஸுக்கு அனுப்பிட்டாரு. நல்ல நேரம் அவருக்கு பெரும்பகுதி திரும்ப வந்துச்சு, எல்லாருக்கும் வராது. நடு எழுத்தையும் வாசிங்க, முதல்ல சின்னதா அனுப்புங்க, போய்ச் சேந்ததப் பாத்துட்டு மிச்சம். கேக்காம வாலட்டுக்கு வந்த இலவச டோக்கன தொடாதீங்க, அத விக்கப் போற சைட்ல அப்ரூவ் (உங்க டோக்கன எடுக்க அனுமதி) குடுத்தா உங்க நல்ல டோக்கனையும் உருவிருவான். ஏற்கனவே குடுத்த அப்ரூவல ரிவோக் டாட் கேஷ் (revoke.cash)ங்குத சைட்ல பாத்து வெட்டி விடலாம்.

வரிய சுருக்கமா சொல்லுதேன். 2022 ஏப்ரல்ல இருந்து லாபத்துக்கு 30 பெர்சன்ட், அது மேல 4 பெர்சன்ட் செஸ், அந்த ஜூலையில இருந்து விக்குத தொகைக்கு 1 பெர்சன்ட் டிடிஎஸ். ஒரு காயின்ல 5,000 லாபம், இன்னொண்ணுல 5,000 நஷ்டம்னா கையில மிச்சம் ஒண்ணுமில்ல, ஆனாலும் 1,560 ரூவா வரி கட்டணும், நஷ்டத்தக் கழிக்க விட மாட்டாங்க. ஒரு காயினக் குடுத்து இன்னொரு காயின் வாங்குனாலும் அது வித்த கணக்குதான். டிடிஎஸ் போனது ரிட்டர்ன்ல கழியும், அதனால ரிட்டர்ன் போடாம விடாதீங்க.

துட்டு திருட்டுப் போனா உடனே 1930க்கு போன் போடுங்க, டிரான்சாக்‌ஷன் ஐடிய எழுதி வச்சுக்கிட்டு சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் போடுங்க. அதுக்கு மறுநாளே "மீட்டுத் தாரேன், முன்பணம் அனுப்புங்க"ன்னு டெலிகிராம்ல ஒருத்தன் வருவான், அவனும் திருடன்தான்.

கல்யாணம் ஆனவங்க வீட்டுக்காரிட்ட இன்னைக்கே சொல்லி வைங்க, எந்த ஆப்ல எந்த காயின் இருக்கு, தகடு எந்த ரெண்டு வீட்ல இருக்கு, நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா சொந்தத்துல யாரக் கூப்புட்டு உக்கார வச்சு திறக்கணும்னு. ஒரு தடவ அவங்களையே தகட்ட எடுத்து வேற போன்ல வாலட்ட ஏத்தச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல உக்காந்து வாய் திறக்காம பாருங்க, எங்க முழிக்காங்களோ அந்த இடத்த ஒரு நோட்டுல தமிழ்ல எழுதி வச்சிருங்க.