ஒரே தேதியில் நடந்தவை, பிறந்தவர்கள்: நம்பிப் பகிரக்கூடிய பட்டியல் தயாரிப்பது எப்படி?

"வரலாற்றில் இன்று" பட்டியலைச் சொந்தமாகத் தயாரிக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிவிப்புப் பலகைக்கு என்றாலும் சரி, வாட்ஸ்அப் குழுவுக்கு என்றாலும் சரி, வேலை ஒன்றுதான். இணையத்தில் கிடைப்பதை அப்படியே எடுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரு வரியைக் காட்டி "இது நிஜமாகவே இந்தத் தேதிதானா?" என்று யாராவது கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். உதாரணமாக டிசம்பர் 25ஐ எடுத்துக்கொள்கிறேன், ஒரு தேதிக்கு வரக்கூடிய சிக்கல்களில் பல அந்த ஒரே நாளில் கிடக்கின்றன.

படி 1: ஷீட்டைத் தயார் செய்தல்

எக்செல் போதும். தேதியை மட்டும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள். 1900க்கு முந்தைய தேதிகளை எக்செல் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும், அப்புறம் வரிசைப்படுத்தும்போது எல்லாம் கலைந்துவிடும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நிரல்களில் வெறும் எண்களாகப் போடுங்கள். அடுத்து நிகழ்வா, பிறப்பா, இறப்பா என்பதற்கு ஒரு நிரல், ஒரு வரி விளக்கம், எந்த நாட்காட்டி, எந்த இடம், எங்கிருந்து எடுத்தது. கடைசி மூன்றும் வேண்டாத வேலை போலத் தோன்றும். மொத்தப் பட்டியலின் மதிப்பும் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

படி 2: அள்ளிப் போடுதல்

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம் உண்டு, தமிழிலும் உண்டு. அங்கே தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் உரிய தனிக் கட்டுரைக்குப் போய், அங்கே அந்தத் தேதிக்கு என்ன சான்று கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். டிசம்பர் 25க்கு முதல் சுற்றில் இவை கிடைக்கும்: 800இல் ரோமில் சார்லமேன் பேரரசராக முடிசூடியது, 1066இல் இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் முடிசூடியது, 1991இல் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலகியது, 2021இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏவப்பட்டது. பிறந்தவர்களில் மதன் மோகன் மாளவியா (1861), அன்வர் சதாத் (1918), வாஜ்பாய் (1924). இறந்தவர்களில் ராஜாஜி (1972), சார்லி சாப்ளின் (1977). அப்புறம் நியூட்டன், ஜின்னா. இந்த இருவரையும் தனியே எடுத்து வையுங்கள், வேலை இருக்கிறது.

படி 3: எந்த நாட்காட்டி?

பொறுமையாகப் படிக்க வேண்டிய படி இது.

1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தினார். ஸ்பெயினிலும் இத்தாலியப் பகுதிகளிலும் அந்த ஆண்டு அக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை. எல்லா நாடும் உடனே மாறியிருந்தால் நமக்கு இந்தப் படியே தேவைப்பட்டிருக்காது. பிரிட்டன் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது, அங்கே செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14. ரஷ்யா 1918இல்தான் மாறியது, ஜனவரி 31க்கு அடுத்து நேராக பிப்ரவரி 14. ஆக, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே நாளுக்கு ஐரோப்பாவில் இரண்டு தேதிகள் இருந்திருக்கின்றன.

இப்போது நியூட்டனுக்கு வருவோம். அவர் பிறந்தது 1642 டிசம்பர் 25, ஆனால் அது அன்றைய இங்கிலாந்தின் ஜூலியன் கணக்கு. கிரிகோரியன் கணக்கில் 1643 ஜனவரி 4. கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்று ஒரு வாசகம் சுற்றுகிறதே, அது நிற்பது இரண்டு நாட்காட்டிகளைக் கலப்பதால்தான். கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 கிரிகோரியன் தேதி, ஜூலியனில் அது 1641 டிசம்பர் 29. எந்த நாட்காட்டியை எடுத்தாலும், ஒன்றையே எடுத்தால், இருவரும் ஒரே ஆண்டில் வரமாட்டார்கள். ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள் என்பதும் இதே கதை. ஷேக்ஸ்பியரின் தேதி ஜூலியன், புதிய கணக்கில் மே 3.

மாற்றுவது எளிது. 1582 அக்டோபரிலிருந்து 1700 பிப்ரவரி வரையான ஜூலியன் தேதிக்கு 10 நாள் கூட்டுங்கள், அங்கிருந்து 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதற்குப் பிறகு 13. 1700, 1800, 1900 ஆகியவை ஜூலியனில் லீப் வருடங்கள், கிரிகோரியனில் இல்லை, அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் ஏறுகிறது. 1600 இரண்டிலும் லீப் வருடம் என்பதால் அங்கே மாற்றம் கிடையாது.

இங்கிலாந்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. 1752க்கு முன் அங்கே சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் அவரது தேதி அன்று 1731 பிப்ரவரி 11 என்று குறிக்கப்பட்டது, இன்று நாம் சொல்வது 1732 பிப்ரவரி 22. நாளும் மாறுகிறது, ஆண்டும் மாறுகிறது. ஜனவரி முதல் மார்ச் 24 வரையான பழைய ஆங்கிலேயத் தேதி எதைப் பார்த்தாலும் ஆண்டை ஒருமுறை சரிபாருங்கள்.

எந்தக் கணக்கை வைத்துக்கொள்வது என்பதில் என் விதி இது: 1582க்கு முந்தையதை ஜூலியனாகவே விடுகிறேன், அதற்குப் பிந்தையதை எல்லாம் கிரிகோரியனுக்கு மாற்றி, பழைய தேதியை விளக்கத்தில் எழுதுகிறேன். அதனால் என் பட்டியலில் சார்லமேன் டிசம்பர் 25இல் இருக்கிறார், நியூட்டன் ஜனவரி 4க்குப் போய்விட்டார். நியூட்டனை கிறிஸ்துமஸிலிருந்து எடுப்பது பலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் வாஷிங்டனை பிப்ரவரி 22 என்றும் ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7 என்றும் மாற்றித்தான் எல்லோரும் எழுதுகிறோம், நியூட்டனுக்கு மட்டும் தனிச் சலுகை எதற்கு? நீங்கள் வேறு விதி வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் தப்பில்லை. பட்டியல் முழுக்க அது ஒரே விதியாக இருக்கட்டும்.

படி 4: எந்த இடத்து நேரம்?

பேர்ல் துறைமுகத் தாக்குதல் ஹவாயில் 1941 டிசம்பர் 7, ஜப்பானில் அப்போது 8ஆம் தேதி. நிகழ்வு நடந்த இடத்துத் தேதியைப் போடுங்கள், பெரும்பாலும் போதும். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு, உலக நேரப்படி (UTC) 21 அதிகாலை 2.56. விண்வெளி விஷயங்களுக்கு நான் உலக நேரத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

நள்ளிரவை ஒட்டி நடந்தவற்றில் கூடுதல் கவனம் தேவை. பாரதியார் காலமானது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டிய பிறகு, அதாவது 12 அதிகாலையில். தமிழக அரசு மகாகவி நாளாக அறிவித்திருப்பது செப்டம்பர் 11. இரண்டையும் எழுதுங்கள், எது இறந்த தேதி, எது நினைவு நாள் என்று பிரித்து.

படி 5: தேதிக்கு என்ன ஆவணம்?

ஜின்னாவின் அதிகாரபூர்வப் பிறந்த நாள் 1876 டிசம்பர் 25. கராச்சியில் அவர் படித்த பள்ளியின் பதிவேட்டில் இருப்பது 1875 அக்டோபர் 20. இசையமைப்பாளர் பீத்தோவனுக்குப் பிறந்த தேதிக்கான ஆவணமே இல்லை, 1770 டிசம்பர் 17 என்பது திருமுழுக்குப் (ஞானஸ்நானப்) பதிவு. ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், தான் 1900 ஜூலை 4 அன்று பிறந்ததாகச் சொல்லிவந்தார், அவர் இறந்த பிறகு கிடைத்த திருமுழுக்குப் பதிவு காட்டியது 1901 ஆகஸ்ட் 4. இப்படிப்பட்ட பெயர்களை நீக்க வேண்டாம். "அதிகாரபூர்வமாக", "திருமுழுக்கு" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், படிக்கிறவருக்கு அதுவே பெரிய உதவி.

நிகழ்வுகளிலும் இது உண்டு. சோவியத் ஒன்றியம் கலைந்த நாள் டிசம்பர் 25 என்று நிறையப் பட்டியல்கள் சொல்கின்றன. அன்று நடந்தது கோர்பச்சேவின் பதவி விலகல், கலைப்பை முறைப்படி அறிவித்தது மறுநாள், 26. வரியில் வினைச்சொல்லை சரியாகப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

படி 6: எதை வைப்பது, எதை விடுவது

பிரபலங்களின் பிறந்தநாள்களை மட்டும் அடுக்கினால் பட்டியல் சீக்கிரம் சலித்துவிடும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பண்டிகை நாள் என்று அதை விட்டுவிடும் பட்டியலை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அதை இரண்டு பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே செருகாதீர்கள். நிகழ்வுகள் தனியாக, பிறப்புகள் தனியாக, இறப்புகள் தனியாக, ஒவ்வொன்றும் ஆண்டு வரிசையில் இருந்தால் எல்லாவற்றுக்கும் உரிய இடம் கிடைக்கும்.

பிற்சேர்க்கை 1: விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கிடேட்டாவில் குவெரி (தேடல் கட்டளை) எழுதிப் பிறந்தநாள்களை எடுத்தால் ஜனவரி 1இல் மட்டும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருகிறார்களே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆண்டு மட்டும் தெரிந்தவர்களின் தேதி அங்கே அந்த ஆண்டின் ஜனவரி 1 என்றே வெளிவரும். தேதியின் துல்லிய அளவு 11 ஆக இருப்பவற்றை மட்டும் வடிகட்டுங்கள், 11 என்றால் நாள் வரை தெரியும் என்று பொருள். அதோடு ஜூலியன் தேதிகள் குவெரியில் கிரிகோரியனாக மாற்றப்பட்டு வருவதால், 1582க்கு முந்தைய ஆட்கள் சில நாள் தள்ளி நிற்பார்கள், அவர்களைக் கையால்தான் சரிபார்க்க வேண்டும்.

பிற்சேர்க்கை 2: பிப்ரவரி 29இல் பிறந்தவர்களை மற்ற ஆண்டுகளில் எங்கே போடுவது? நான் பிப்ரவரி 28இன் கடைசியில், உண்மையான தேதியைக் குறிப்பிட்டுப் போடுகிறேன். மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29 அன்று பிறந்தவர், 1900 லீப் வருடம் இல்லாததால் அவருடைய முதல் பிறந்த தேதியே எட்டு ஆண்டு கழித்து 1904இல்தான் வந்தது. இதை எக்செலில் கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள், 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு நாளை அது இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.