நாதஸ்வரம், தவிலுக்கு வயர்லெஸ் கிளிப் மைக்: வாங்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேருக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிக்கும் நாதஸ்வரக்காரருக்கு வயர் ஒத்துவராது. காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளையில் பம்பை அடிப்பவருக்கும் அப்படித்தான். ஆனால் பென்னாகரம் பக்கத்துத் தெருக்கூத்தில் முகவீணைக்காரரும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் விடிய விடிய ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எதற்கு வயர்லெஸ்? முதல் தவறு கடைக்குப் போகும் முன்பே நடந்துவிடுகிறது. நடக்காத கலைஞருக்கு வயருள்ள கிளிப் மைக் போதும். அதே பணத்தில் இன்னும் நல்ல மைக் கிடைக்கும், நடுராத்திரியில் பேட்டரி தேட வேண்டியதும் இல்லை.

நடக்க வேண்டியவருக்கு வாங்குவது என்று முடிவானாலும், வயர்லெஸ் செட்டை முதலில் பிடித்துக்கொண்டு அதில் வரும் மைக்கை வாத்தியத்தில் எப்படியாவது மாட்டப் பார்க்காதீர்கள். வாத்தியத்தின் சத்தத்தைத் தாங்கும் மைக் எது, அதன் கிளிப் எங்கே உட்காரும் என்று முதலில் பாருங்கள். அந்த மைக்கோடு சேரும் டிரான்ஸ்மிட்டரை, அதாவது சத்தத்தை அலையாக அனுப்பும் பெட்டியை, அதற்குப் பிறகு தேடலாம்.

காலர் மைக் வேறு, வாத்திய மைக் வேறு

போனில் வீடியோ எடுக்க விற்கும் சின்ன வயர்லெஸ் மைக்குகளை மேடைக்குக் கொண்டுவருவது இப்போது அதிகம். அவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பெரும்பாலும் நாலா பக்கமும் கேட்பவை என்பதால் மானிட்டர் பாக்ஸ் (கலைஞர்கள் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) சத்தத்தையும் இழுத்து, மேடையில் சீக்கிரமே ஊளையிடும். அவற்றிலுள்ள இரைச்சல் குறைப்பு வசதி மிருதங்கத்தின் கார்வையையும் தம்பூராவின் ரீங்காரத்தையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். தாமதமும் உண்டு. காற்றில் ஒலி 1 மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். 20 மில்லிசெகண்ட் தாமதிக்கும் செட்டில், மானிட்டரில் கேட்கும் தவில் 7 மீட்டர் தள்ளி நின்று அடிப்பது போல இருக்கும். தாளம் அங்கேயே தடுமாறும். மேடைக்கு 5 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். புளூடூத் மைக் பக்கமே போகாதீர்கள்.

அட்டைப்பெட்டியில் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு: மைக் தாங்கும் அதிகபட்ச ஒலி அழுத்தம். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பம்பைக்கும் 130 டெசிபலுக்குக் குறையாமல் வேண்டும். அந்த எண்ணையே போடாத மைக்கை விட்டுவிடுங்கள். மைக் தாங்கினாலும் டிரான்ஸ்மிட்டரின் உள்வாயில் சத்தம் உடைந்து கரகரக்கலாம். அதனால் அதில் கெயின் (உள்ளே வரும் சத்தத்தின் அளவு) குறைக்கும் வசதி, குறைந்தது 10 டெசிபல் பேட், இருக்க வேண்டும். இடுப்பில் கட்டிய டிரான்ஸ்மிட்டரிலேயே உடைந்துபோன சத்தத்தை மிக்சரில் எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு போகாது. கரகரப்பாகவே சின்னதாகும், அவ்வளவுதான். சுருதி சேர்க்கும்போது மெதுவாக ஊதிக் காட்டுவதை வைத்துக் கெயின் வைக்கக் கூடாது. தாரஸ்தாயியில் முழு மூச்சோடு ஒரு பிடி வாசிக்கச் சொல்லி, பீக் விளக்கு எரியாத இடத்தில் நிறுத்துங்கள்.

நாதஸ்வரத்தில் அணசுக்குள் மைக் வைப்பது

அதிகம் பேர் செய்வதும், காதுக்கு அதிகக் கெடுதல் செய்வதும் இதுதான். சத்தம் நுனியில் விரிந்திருக்கும் அணசு வழியாகத்தான் வருகிறது என்று நினைத்து மைக்கை அதன் வாய்க்குள் நீட்டிவிடுகிறார்கள். நாதஸ்வரத்தில் விரல் எடுக்க எடுக்க, ஸ்வரத்தின் உடல் திறந்த துளைகள் வழியாக வெளியேறுகிறது. அணசு வழியாகக் கீழ் ஸ்வரங்களும், மற்ற ஸ்வரங்களின் கூர்மையான மேல் பகுதியும் மட்டுமே போகின்றன. அணசுக்குள் இருக்கும் மைக் அந்தக் கூர்மையைத்தான் பிடிக்கும். ஒரு ஸ்வரம் பெரிதாகவும் அடுத்தது சோர்ந்தும் கேட்கும். பிறகு ஜனங்கள் நாதஸ்வரம் காதைக் கிழிக்கிறது என்று வாத்தியத்தின் மேல் பழி போடுவார்கள்.

கிளிப்பை அணசின் விளிம்பில் மாட்டி, வளைகழுத்தைப் பின்னுக்கு மடக்கி, மைக் முனை விரல் துளைகளைப் பார்க்கும்படி வையுங்கள். உலவிலிருந்து (துளைகள் உள்ள நீண்ட குழல்) 10 முதல் 15 செ.மீ. தள்ளி இருக்கட்டும். இதற்கு வளைகழுத்து 15 செ.மீ.யாவது நீளம் வேண்டும். சாக்ஸபோனுக்கான கிளிப்புகள் மெல்லிய தகட்டு விளிம்புக்கு அளந்து செய்தவை. மர அணசின் தடிமனுக்குப் பலவற்றின் வாய் திறக்காது. வாங்குவதற்கு முன் அணசு விளிம்பின் தடிமனை அளந்து போங்கள். கிளிப் சேராவிட்டால் உலவில் வெல்க்ரோ பட்டை கட்டலாம், ஆனால் அடியில் உள்ள துளைகளை அது மூடவே கூடாது. அவை சுருதிக்கானவை; ஒன்று அடைந்தாலும் வாசிப்பவருக்குச் சுருதி விலகும். டிரான்ஸ்மிட்டரும் மைக்கும் ஒன்றாகச் சேர்ந்த வகையை அணசில் மாட்டினால் நுனி கனத்து, இரண்டு மணி நேரத்தில் கை சோர்ந்துவிடும். இடுப்பில் கட்டும் பாடி பேக்தான் நாதஸ்வரத்துக்குச் சரி.

தவிலுக்கு ஒரு மைக்

விரலில் கூடு மாட்டி வாசிக்கும் வலந்தலைக்கு ஒன்று, கழியால் அடிக்கும் தொப்பிக்கு ஒன்று, ஆக இரண்டு வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் கூடு போட்ட விரலோ கழியோ, ஏதோ ஒன்று காணாமல் போகும். தோலிலிருந்து 8 முதல் 10 செ.மீ. தள்ளி, கை வீச்சுக்கு வெளியே, விளிம்பை நோக்கி வையுங்கள். வாரிலோ கம்பியிலோ பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் ரப்பர் துண்டு வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு அடியும் கிளிப் வழியாக ‘டொக்’ என்று ஏறும்.

இரண்டு மைக்கும் போட்ட பிறகு சத்தம் முன்பைவிட மெலிந்ததா? வலந்தலையை அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகும், எதிர்ப்பக்கத் தோல் வெளியே வரும். இரண்டு மைக்குக்கும் எதிரெதிரான அலை கிடைத்து, சேரும்போது கனம் கரைகிறது. மிக்சரில் ஒரு சேனலின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டனை அழுத்திப் பாருங்கள். அந்தப் பட்டன் இல்லாத மிக்சரானால், 2-ஆம், 3-ஆம் முனைகளை மாற்றிப் பற்றவைத்த எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று முனை மைக் கேபிள்) ஒன்றைத் தயாராக வைத்து, சிவப்பு டேப் சுற்றி அடையாளமிடுங்கள்.

புல்லாங்குழலில் கிளிப் மைக் நேராக மூச்சு வரும் வழியில் இருக்கக் கூடாது. இன்னொன்று, சுருதிக்குச் சுருதி குழல் மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் கிளிப்பைக் கழற்றி மாட்ட முடியாது. அவருக்குத் தலையில் மாட்டும் ஹெட்செட் மைக்தான் நல்லது. வயலினில் எஃப் வடிவத் துளைக்கு நேர் மேலே வைத்தால் 270-280 ஹெர்ட்ஸ் பக்கம் பெட்டிக்குள் இருக்கும் காற்று முழங்கி மந்தமாகும். பாலத்துக்கும் துளைக்கும் நடுவே, சற்று உயர்த்தி வையுங்கள்.

அலைவரிசையும் ரிசீவர் வைக்கும் இடமும்

2.4 கிகாஹெர்ட்ஸ் செட்கள் காலியான மண்டபத்தில் அருமையாக வேலை செய்யும். கூட்டம் சேர்ந்ததும் ஆயிரம் போன்களின் வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசையில் வந்து நிற்கும். மனித உடலில் பெரும்பங்கு நீர் என்பதால் அலையையும் உறிஞ்சும். ஊர்வலத்துக்கு யுஎச்எஃப் வாங்குங்கள், அதிலும் 500, 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியில். 700 முதல் 800 வரையிலான இடம் 4ஜி, 5ஜி சேவைக்கு ஒதுக்கப்பட்டது. அந்த அலைவரிசையில் வரும் மலிவு செட் நிகழ்ச்சி நடுவில் அறுந்து அறுந்து போகும்.

மூன்று மைக்குக்கு 600, 601, 602 என்று சம இடைவெளியில் அலைவரிசை வைப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் முதல் இரண்டும் கலந்து பிறக்கும் போலி அலை சரியாக 602-இல்தான் விழும். 600, 600.8, 602.2 போல ஏற்றத்தாழ்வாக வையுங்கள், அல்லது அலையை வாங்கும் பெட்டியான ரிசீவர் காட்டும் ஒரே குரூப்புக்குள் சேனல்களை எடுங்கள். இரண்டு ஆன்டெனா இருப்பதால் மட்டும் அது டைவர்சிட்டி ரிசீவர் ஆகாது. மலிவான இரட்டை மைக் செட்டில் ஆளுக்கு ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான். ஒரே மைக்குக்கு இரண்டு ஆன்டெனாவும் வேலை செய்கின்றனவா என்று கேளுங்கள்.

ரிசீவரைக் கூட்டத்துக்குப் பின்னால் மிக்சர் மேசையில் வைக்காதீர்கள். மேடையோரம், ஆள் உயரத்துக்கு மேலே வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் மிக்சருக்கு இழுங்கள். எல்இடி திரை, சீரியல் விளக்கு இவற்றிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நாதஸ்வரக்காரர் வெற்றுடம்போடு வியர்க்க வியர்க்க வாசிப்பவர். பாடி பேக்கின் ஆன்டெனா அந்த ஈர உடம்பில் ஒட்டினால் தூரம் பாதியாகிவிடும். பின்னிடுப்பில் துணிப்பைக்குள் வைத்து, ஆன்டெனா தொங்கலாக நிற்கும்படி கட்டுங்கள்.

மைக் வயரின் முனையில் உள்ள பின் டிரான்ஸ்மிட்டரில் நுழைந்துவிட்டால் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். ஒரே 3.5 மி.மீ. பின்னுக்குள்ளும் கம்பெனிக்குக் கம்பெனி இணைப்பு மாறும். 48 வோல்ட் கேட்கும் மைக்குக்கு, சில வோல்ட் மட்டுமே தரும் பாடி பேக் போதாது.

பேட்டரி கழற்ற முடியாத டிரான்ஸ்மிட்டர் இரவுப் புறப்பாட்டுக்கு ஆகாது. பென்சில் செல் போடும் வகையில் பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம். சார்ஜ் செய்யும் செல் 1.2 வோல்ட் என்பதால் மீட்டர் முழுதாகக் காட்டாது. ஒருமுறை வீட்டில் ஓடவிட்டு எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று குறித்து வையுங்கள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு மேடை போன்ற வெட்டவெளியில் மைக்கோடு வரும் மெல்லிய பஞ்சு உறை போதாது. மயிருள்ள உறை வாங்குங்கள். மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், தொப்பி மைக்கில் மட்டும் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ வாங்கப் போனால், வாத்தியத்தையும் வாசிப்பவரையும் கூடவே அழைத்துப் போங்கள். கிளிப்பை மாட்டி, முழுச் சத்தத்தில் வாசித்து, கடைக்கு வெளியே 20 அடி முதுகு காட்டி நடந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அதே கடையில் ஒரு மைக் கேபிளையும் ஒரு கிளிப்பையும் கூடுதலாக வாங்கி வையுங்கள். முதலில் போவது அவை இரண்டும்தான்.