கொழும்பில் இருந்துகொண்டு சுற்றாடல், நகரப் பொறியியல் பக்கம் போவது எப்படி?

ஏ.எல். பெறுபேறு வந்த கையோடு தம்பி தங்கைகள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "சுற்றாடல் பக்கம் போக ஆசையாக இருக்கிறது அண்ணா, எந்த கோர்ஸ் செய்யலாம்?" கோர்ஸின் பெயரில் தொடங்கினால் இந்தத் துறையில் குழம்பித்தான் போவீர்கள், ஏனென்றால் வெள்ளம், குப்பை, கழிவுநீர், காற்று மாசு எதுவுமே ஒரு பட்டப்படிப்புக்குள் அடங்காது. முதலில் ஒரு பிரச்சினையைப் பிடியுங்கள். கோர்ஸை அப்புறம் பார்க்கலாம்.

மீத்தொட்டமுல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் 14, புதுவருட தினத்தன்று, கொலன்னாவையில் அந்தக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். ஏன் சரிந்தது என்று கேட்டால் மண் பொறியியலாளர் சரிவின் உறுதியைப் பற்றிச் சொல்வார், நீரியல்காரர் மேட்டுக்குள் இறங்கிய மழைநீரைப் பற்றி, இரசாயனவியலாளர் உள்ளே உக்கி வந்த மீதேனையும் கசிந்த கறுப்பு நீரையும் பற்றி. அந்த மேட்டின் அடிவாரம் வரை வீடுகள் எப்படி வந்தன என்பது நகரத் திட்டமிடல் படித்தவரின் கேள்வி. சரி, அதற்குப் பிறகு குப்பை எங்கே போவது? கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021 இல் இயங்கத் தொடங்கியது, அதை ஓட்ட இயந்திர, மின், இரசாயனப் பொறியியலாளர்கள் வேண்டும். புத்தளம் அறுவக்காட்டில் அமைத்த குப்பை நிரப்பு நிலத்தைச் சுற்றி நிலத்தடி நீரைச் சோதிக்க வேறு ஆட்கள் வேண்டும். ஒரே குப்பை, ஏழெட்டுத் தொழில். இதில் எந்த இடத்தில் நிற்க உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் கோர்ஸ் தானாக வந்து நிற்கும்.

பக்கத்துக் கானிலிருந்து தொடங்குங்கள்

பிரச்சினையைத் தேடி அமேசன் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தை ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், அலை கொண்டுவந்து போட்ட மணல் வாயை அடைத்திருந்தால் தண்ணீர் கரும்பச்சையாக, அசையாமல் நிற்கும். மேலே ஒரு யோகட் கோப்பையும் ரெஜிபோம் துண்டுகளும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பெக்கோ வந்து மணலை வெட்டிவிட்டால் அந்தக் கோப்பை முதலில் மெல்லமாக, பிறகு விறுவிறு என்று கடல் பக்கம் போகும். கொழும்பின் மழைநீர் வெளியே போகும் வழிகள் வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம், களனி கங்கைப் பக்கம் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான், அதில் ஒன்று அடைபட்டால் உள்ளே எங்கேயோ கிருலப்பனையில் இருப்பவரின் வாசலில் தண்ணீர் ஏறும். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு நீரியல் பாடம் வேறு மாதிரி மண்டையில் ஏறும்.

2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது. அதன் பிறகு 2012 இல் உலக வங்கிக் கடனோடு கொழும்பு மாநகரத்துக்கான பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டம் ஒன்று ஆரம்பமானது. கால்வாயை அகலமாக்கியதெல்லாம் சரி, ஆனால் எனக்குப் பிடித்த வேலை வேறு: கோட்டே, கொலன்னாவைப் பக்கத்துச் சதுப்பு நிலங்களை நிரப்பிக் கட்டடம் கட்டினால் வெள்ளச் சேதம் எவ்வளவு கூடும் என்று கணினி மாதிரி ஓட்டிப் பார்த்து, சும்மா கிடக்கிறது என்று எல்லோரும் நினைத்த நிலத்தின் பெறுமதியைப் பணக் கணக்கில் காட்டினார்கள். 2018 இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் வழங்கும் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை உலகில் முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பறவை எண்ணுகிறவரும் வெள்ளக் கணக்குப் போடுகிறவரும் பொருளியலாளரும் ஒரே மேசைக்கு வர வேண்டிய வேலை அது. பெத்தகானை ஈரநிலப் பூங்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள், படம் எடுக்க மட்டும் போகாமல்.

இப்போது ஒரு கொப்பி எடுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க, மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது வடிந்தது என்று எழுதுங்கள். மழைமானியை நீங்களே செய்யலாம்: பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனல்போல வையுங்கள், அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் நேரான பகுதி வரும் வரை தண்ணீர் ஊற்றி அதைப் பூச்சியமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து மில்லிமீட்டர் அடிமட்டத்தை ஒட்டுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று மட்டங்களில் நாகலகம் வீதி அளவையும் பக்கத்தில் எழுதி வாருங்கள் (களனி கங்கையை அங்கே இன்னும் அடிக்கணக்கில்தான் அளக்கிறார்கள், பழக்கம் விடாது). கொஞ்ச நாளில் ஒன்று புரியும்: உங்கள் ஒழுங்கையில் நிற்கும் தண்ணீர் அரை மணி நேர அடைமழையின் வேலை, களனி கங்கை பெருகுவது மலைநாட்டில் பெய்த மழை பிந்தி வந்து சேர்வதால். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. நேர்முகத் தேர்வில் இந்தக் கொப்பியை மேசையில் வைத்தால் பத்துச் சான்றிதழை விட அது பேசும்.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. பெரிய திட்டங்களுக்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளை மத்திய சுற்றாடல் அதிகார சபை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும். அதில் ஒன்றை எடுத்து, முதலில் பின்னிணைப்பில் ஆய்வுக் குழுவின் பட்டியலைப் பாருங்கள். யார் யார் என்ன படித்துவிட்டு அந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று அங்கே வெளிச்சமாகத் தெரியும்: புவியியலாளர், மீன்வளம் படித்தவர், சமூகவியலாளர், ஒலி அளப்பவர். தொழில் வழிகாட்டல் கருத்தரங்கு ஒன்றிலும் இது கிடைக்காது. பிறகு அறிக்கையை வாசியுங்கள், எங்கே மழுப்பியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பழகுங்கள், அதுவும் இந்தத் தொழிலில் ஒரு திறமை.

படிப்பு

கணிதப் பிரிவு என்றால் மொரட்டுவை, பேராதனை, ருகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஒலுவிலில் தென்கிழக்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். இந்த வேலைகளுக்கு நேர் வழி சிவில்தான், ஆனால் கழிவுநீர், காற்று பக்கம் போகிறவர்கள் மொரட்டுவையின் இரசாயன, செயன்முறைப் பொறியியலை மறக்க வேண்டாம். அங்கேயே நகர, கிராமத் திட்டமிடல் பட்டமும் இருக்கிறது, நம் பிள்ளைகள் அதை விண்ணப்பப் படிவத்தில் கடைசியில் போடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். உயிரியல் பிரிவுக்காரர்களுக்குக் கொழும்பு விஞ்ஞான பீடமும், ஜயவர்தனபுரவின் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத் துறையும் உண்டு. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கியபோது தேவைப்பட்டவர்கள் இவர்கள்தான், கடல் உயிரியலும் இரசாயனமும் தெரிந்தவர்கள்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்திலிருந்து இசட் புள்ளிக்கு முட்டிமோதுவது எப்படி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் வீட்டில் சாவு வீடு மாதிரி இருக்க வேண்டாம். தியகமையில் என்டிடி (தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா), மட்டக்குளியில் எச்என்டிஈ (உயர் தேசிய பொறியியல் டிப்ளோமா), நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் என்று வழிகள் உண்டு, கொஞ்சம் நீளமான வழி, அவ்வளவுதான். தனியார் பொறியியல் பட்டத்துக்குக் காசு கட்டும் முன் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அந்தப் பட்டத்தை ஏற்றிருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் அந்த நிறுவனம் 2014 இலிருந்து இருப்பதால், அதன் ஏற்புப் பெற்ற பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. ஏற்காத பட்டம் என்றால் பிறகு பட்டயப் பொறியியலாளர் ஆகும் பாதையில் தனியாக இழுபட வேண்டி வரும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், ஆனால் களத்தில் பம்பு ஓட்டுகிற ஐயா, மாநகர சபை மேற்பார்வையாளர், வெள்ளத்தில் நனைந்த வீட்டுக்காரர் எல்லோரும் சிங்களத்தில்தான் பேசுவார்கள். சிங்களம் பேச வராத தமிழ்ப் பட்டதாரியைக் கொழும்பில் களத்துக்கு அனுப்பத் தயங்குகிறார்கள், இது நியாயமா என்று விவாதிக்கலாம், ஆனால் நிலைமை இதுதான். அதேபோல வடக்கு, கிழக்கு, மலையகத்தில் திட்டம் வந்தால் மூன்று மொழியும் தெரிந்தவரைத் தேடி அலைவார்கள். 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு மலையகத்தில் மண்சரிவு அபாயத்தைத் தோட்ட மக்களிடம் விளங்கப்படுத்தத் தமிழ் தெரிந்த ஆட்கள் எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

கருவிகள்

காசு தேவையில்லை. வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ், ஆற்று வெள்ளத்துக்கு அமெரிக்க இராணுவப் பொறியியல் படையின் ஹெக்-ராஸ், நகர வடிகாலுக்கு அமெரிக்கச் சுற்றாடல் முகவரகத்தின் ஸ்வம், எல்லாமே இலவச மென்பொருள்கள். லேன்ட்சாட் செய்மதிப் படங்கள் 30 மீட்டர் துல்லியத்தில் 1980 களிலிருந்து கிடைக்கின்றன, சென்டினல்-2 படங்கள் 10 மீட்டரில் ஐந்து நாளுக்கு ஒரு முறை. கொலன்னாவைச் சதுப்பு நிலம் முப்பது வருடத்தில் எவ்வளவு சுருங்கியது என்று நீங்களே வரைந்து பாருங்கள். பைத்தன் என்ற நிரலாக்க மொழியும் கொஞ்சம். எல்லாவற்றையும் ஒன்றாகப் படிக்கப் போய் எதையும் முடிக்காமல் விடுவதுதான் இங்கே பெரிய வியாதி, ஒரு கருவியில் ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முதல் வேலை பற்றி

அரசாங்கத்தில் பொறியியல் சேவை, விஞ்ஞான சேவை இரண்டுக்கும் போட்டிப் பரீட்சை, வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீர் வழங்கல் சபை, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் தனித்தனியாக ஆள் எடுப்பார்கள். பத்தரமுல்லைப் பக்கம் பெலவத்தையில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகமே இருக்கிறது, 2012 இல் ஸ்டொக்ஹோம் நீர் விருது வாங்கிய நிறுவனம், பயிலுனர் இடங்களுக்கு அவர்களின் அறிவித்தல்களைக் கவனியுங்கள். சம்பளத்தில் மென்பொருள் கம்பனியில் சேர்ந்த நண்பனோடு ஒப்பிடாதீர்கள், முதல் சில வருடம் அவன்தான் முன்னால் நிற்பான். நான் கேட்டால் முதல் இரண்டு வருடம் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் களவேலை செய்யுங்கள் என்பேன், சேறு மிதிக்காமல் வரைபடம் மட்டும் போட்டவருக்கு எண் பிழைத்தால் தெரியாது.

வளைந்து போனாலும் பயப்படாதீர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் ராமநாதன் முதலில் வேலை செய்தது செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில், வாயு கசியாமல் பார்க்கும் வேலை. அதே குளோரோபுளோரோகாபன் வாயுதான், ஒரு மூலக்கூறுக்குக் காபனீரொட்சைட்டை விட ஏறக்குறைய 10,000 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது என்று 1975 இல் காட்டினார். நம்மூர் மொஹான் முனசிங்க பொறியியல், பௌதிகம், பொருளியல் என்று மூன்றும் படித்து, காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் உப தலைவராக இருந்த காலத்தில் 2007 நோபல் சமாதானப் பரிசு அந்த அமைப்புக்குக் கிடைத்தது.

வெளிநாட்டு முதுமாணி எண்ணம் இருந்தால் இப்போதே ஒன்றைக் குறித்து வையுங்கள். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட, அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் அபிவிருத்திசார் புலமைப்பரிசிலுக்கும் இரண்டு வருடம். ஆகவே எந்த வேலையை விட்டாலும் திகதி, மணி நேரம், நீங்கள் என்ன அளந்தீர்கள், எதை வடிவமைத்தீர்கள் என்று விபரமாக எழுதிய கடிதத்தைக் கடைசி நாளுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள், மேலதிகாரி மாறிப் போனால் பிறகு கந்தோர் கந்தோராக அலைய வேண்டும்.