கிழமைக் குளிசையை நாளாந்தம் போடாதேங்கோ

யாழ்ப்பாண வெயிலுக்குள்ளை இருந்துகொண்டும் விற்றமின் டி குறைவோ எண்டு கேக்காதேங்கோ; வீட்டுக்குள்ளையும் ஒபிசுக்குள்ளையும் இருந்தால் வெயில் என்ன செய்யும்?

ரத்தப் பரிசோதனையில குறைவு எண்டு வந்தால் டொக்டர்மார் அனேகமா 50,000 ஐ.யூ. (IU, விற்றமின் அளக்கிற சர்வதேச அலகு) குளிசை எழுதுவினம். அது கிழமைக்கு ஒண்டு, வழக்கமா 6 முதல் 8 கிழமைக்கு. வில்லங்கம் வாறது, பிறசர் குளிசையளோட சேர்த்து இதையும் நாளாந்தம் விழுங்கேக்கைதான். அதனால தனியா வைச்சு, கலண்டரில வெள்ளிக்கிழமையளுக்கு வட்டம் போடுங்கோ. மத்தியானம் தேங்காய்ப்பால் கறியோட சோறு சாப்பிட்ட கையோட போடுங்கோ. கொழுப்போட சேர்ந்தால்தான் நல்லா உறிஞ்சும்.

கனடாவில இருந்து வாற மல்டிவிற்றமின் போத்தலிலயும் டி இருக்கும். மைக்ரோகிராம் எண்டு போட்டிருந்தால் 40ஆல பெருக்குங்கோ: 25 எண்டால் 1,000 ஐ.யூ. அதையும் டொக்டருக்குச் சொல்லுங்கோ.

அளவு மிஞ்சினால் ரத்தத்தில கல்சியம் ஏறும். அடங்காத தாகம், அடிக்கடி சலம் போறது, சத்தி, மலச்சிக்கல் கண்டால் குளிசையை நிப்பாட்டி உடனை டொக்டரிட்டைக் காட்டுங்கோ. சிறுநீரகக் கல்லு, சிறுநீரக வருத்தம் இருக்கிறவையும், பிறசருக்குச் சலம் போற குளிசை எடுக்கிறவையும் தொடங்க முதலே சொல்லோணும். மூண்டு மாதமளவில திரும்ப ரத்தம் குடுத்துப் பாருங்கோ.