பிளாஸ்டிக் தடையை ஊரில் நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி

பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்கு நம் இலங்கையில் குறைவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2017 செப்டெம்பர் 1 முதல் சோறு சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றும், ரெஜிபோம் எனும் வெண்நுரைப் பிளாஸ்டிக் உணவுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. விழாக்களுக்குப் பொலித்தீன் தோரணம் கட்டுவதும், திறந்த வெளியில் பிளாஸ்டிக்கை எரிப்பதும் அப்போதே தடைக்குள் வந்துவிட்டன. 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் நீங்கலாக, 20 கிராமுக்கு மேற்படாத சஷே பைக்கற்றுகள் தடைப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் உறிஞ்சுகுழாய், பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, மாலை, இடியப்பத் தட்டு ஆகியவை அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. அதன் விலை பற்றுச்சீட்டில் தெரிய வேண்டும். இத்தனைக்குப் பிறகும் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு காலை நடந்தால் காலில் தட்டுப்படுவன இந்தப் பொருட்களே. வர்த்தமானியில் இருக்கும் விதியை நம் தெருவில் நடக்கவைக்க ஊரார் செய்யக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரேயொரு பொருளையும் ஒரேயோர் இடத்தையும் தெரிவுசெய்யுங்கள். ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்ற பதாகை எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. ‘இந்தச் சந்தையில் சோற்றுப் பார்சலுக்கு லஞ்ச் சீற் இல்லை’ என்ற முடிவை யார் மீறினார் என்று கேட்க முடியும். அடுத்து, கரையில் 100 மீற்றர் நீளத்தை அளந்து, மாதந்தோறும் குறித்த ஒரு நாளில் அங்கே கிடப்பதைப் பொறுக்கி, வகைவகையாக எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். போத்தலிலும் உறையிலும் கம்பனியின் பெயர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வடகீழ்ப் பருவமழை வடிகான்களைக் கழுவி எல்லாவற்றையும் வாவிக்குள் தள்ளிவிடுவதால், ஒக்டோபரில் எடுத்த கணக்கையும் ஜனவரியில் எடுத்த கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பது மிகவும் பயன்படும். உள்ளூராட்சி சபையின் முன் ஒரு புகைப்படத்தைவிட இந்தக் கொப்பிக்கு மதிப்பு அதிகம்.

எங்கள் முதல் சிரமதானத்தில், அதாவது ஊர்கூடிச் செய்த துப்புரவுப் பணியில், நாங்கள் இப்படி எண்ணவும் இல்லை, குப்பையை ஏற்றிச்செல்ல ஒழுங்குசெய்யவும் இல்லை. உரப்பை உரப்பையாகக் குப்பையைக் கட்டிக் கரையிலே வைத்துவிட்டு, ஏற்றிச் செல்ல வாகனம் வரும் என்று நம்பிப் போனோம். வாகனம் வரவில்லை, நாய்கள் பைகளைக் கிழித்தன, மிச்சத்தைக் காற்று மீண்டும் தண்ணீருக்குள் சேர்த்தது. ஆகவே, வாகனமும் கொண்டுசேர்க்கும் இடமும் எழுத்தில் உறுதியாகும்வரை சிரமதானத்துக்கு நாள் குறிக்க வேண்டாம். கொண்டுசேர்க்கும் இடத்தைப் பற்றியும் கேளுங்கள். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் இரை தேடிய யானைகள் பொலித்தீனை விழுங்கி இறந்தது 2022இல் உலகச் செய்தியானது. நாம் கரையிலிருந்து அகற்றும் பையும் அத்தகைய ஓர் இடத்துக்கே போகுமானால், இடம் மாறியதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. சேகரிப்பதைக் காட்டிலும் ஊருக்குள் வருவதைக் குறைப்பதையே நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கடைக்காரரை எதிரியாகக் கருதிப் போகாதீர்கள். பை கொடுக்க மறுத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற அவருடைய அச்சம் நியாயமானது. அதற்கு ஒரே மருந்து, ஒரு வீதியின் கடைகள் அனைத்தும் ஒரே நாளில் தொடங்குவது. அந்த நாளை வர்த்தக சங்கத்தைக் கொண்டே அறிவிக்கச் செய்யுங்கள். மாற்றுப் பொருளை ஊரிலேயே தேடலாம். மருதமுனைக் கைத்தறியில் மிஞ்சும் துண்டுத் துணி, பன் புல்லில் இழைத்த பை, சோற்றுக்கு வாழையிலை, தாமரையிலை என்று நம்மிடம் இல்லாதது ஏதுமில்லை. எருமைத் தயிரை நாம் இன்றும் மண்சட்டியில்தானே வாங்குகிறோம். ‘உக்கும் பை’ என்று சொல்லி விற்கப்படுவதை மட்டும் உடனே நம்பிவிட வேண்டாம், ஏனெனில் அவற்றுட் சில உக்காமல் நுண்துகள்களாக உடைந்து மண்ணிலேயே கிடக்கின்றன.

நம் பகுதியில் மிக விரைவாகப் பலன் தருவது ஆலயங்களும் பள்ளிவாசல்களும்தான். மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கும், கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்துக்கும் கூடும் சனத்திரளை எந்தப் பேரணியாலும் கூட்ட முடியாது. ஆனால் திருவிழா தொடங்கிய பிறகு போய்ப் பேசுவதில் பயனில்லை. அன்னதான உபயகாரர்கள் தட்டையும் கோப்பையையும் முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள் என்பதால், குறைந்தது 3 மாதங்களுக்கு முன் பரிபாலன சபையைச் சந்தித்து, உபயத்துக்கான நிபந்தனையிலேயே ‘இலையில் பரிமாறல், எவர்சில்வர் குவளையில் தண்ணீர்’ என்று எழுதவையுங்கள். குவளையைக் கழுவ இரண்டு பெரிய பாத்திரங்களும் முறைவைத்து நிற்கும் இளைஞர்களும் வேண்டும். இதை ஒழுங்குசெய்யாவிட்டால் இரண்டாம் நாளே பிளாஸ்டிக் கோப்பை திரும்பிவிடும். நோன்புக் கஞ்சிக்கு வீட்டுப் பாத்திரத்துடன் வரும்படி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் நினைவூட்டினாலே போதும். உகந்தையிலிருந்து குமண வழியாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரையில், அடியார் ஒவ்வொருவரும் சொந்தத் தண்ணீர்க் கலனோடு புறப்படவும், அதை நிரப்பத் தாங்கிகள் வழியில் இருக்கவும் ஏற்பாடு வேண்டும். காட்டுக்குள் விழும் போத்தலைப் பொறுக்க அங்கே எவரும் வரப்போவதில்லை என்பதை அடியாருக்கு எடுத்துச் சொல்வது முருகனுக்குச் செய்யும் தொண்டு என்றே நான் கருதுகிறேன்.

இனி உள்ளூராட்சி சபைக்கு வருவோம். மட்டக்களப்பு மாவட்டத்தில் 12, அம்பாறை மாவட்டத்தில் 20 என உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. உபவிதி கொண்டுவர வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள்; அது சபையில் நிறைவேறி, மாகாண மட்டத்தில் அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வெளிவர வேண்டியிருப்பதால் காலம் எடுக்கும். அதைக் காத்திருக்காமல், சபைக்குச் சொந்தமான சந்தைக் கடைகளின் குத்தகை ஒப்பந்தத்திலும், மண்டப வாடகைப் பத்திரத்திலும், திருவிழாக்காலத் தற்காலிகக் கடை அனுமதியிலும் பிளாஸ்டிக் பற்றிய ஒரு நிபந்தனையைச் சேர்க்கும்படி கேளுங்கள். இதற்குச் சபைத் தீர்மானம் ஒன்றே பெரும்பாலும் போதுமானது. மீறுபவர் அனுமதியை இழப்பார் என்பதால் தண்டப்பணத்தைவிட வலிமையானதும்கூட.

கேட்கும் முன் விபரம் கையில் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, சபையின் தகவல் அலுவலரிடம் காரணம் எதுவும் சொல்லாமலே, தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். நாளொன்றுக்கு எத்தனை தொன் குப்பை சேர்கிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது, அது எங்கே கொட்டப்படுகிறது, தரம்பிரித்த பிளாஸ்டிக் யாருக்கு விற்கப்படுகிறது என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவு உங்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். பதிலையும் கொப்பிக் கணக்கையும் சேர்த்து, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம், வர்த்தக சங்கம் ஆகியவற்றின் கையொப்பத்துடன் உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொடுங்கள். வலையில் மீனுக்குப் பதில் பொலித்தீன் ஏறுவதைத் தினமும் காணும் மீனவர் ஒருவர் சபையில் நேரில் பேசினால், அதைத் தட்டிக்கழிப்பது எந்த உறுப்பினருக்கும் எளிதல்ல.

தீர்மானம் நிறைவேறிய மறுமாதமும் அதே 100 மீற்றரில், அதே நாளில் எண்ணுங்கள். லஞ்ச் சீற் குறைந்திருந்தால் அந்த எண்ணைக் கடைகளின் முன் எழுதி ஒட்டுங்கள். குறையாவிட்டால் முதலில் கடைக்காரரிடமும், பிறகு சபையிடமும், அதன் பின் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திடமும் எழுத்தில் முறையிட்டு, ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் திகதியுடன் அந்தக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.